காலியாக விடக்கூடாத கட்டம்

மொஹோகாரே பாலம் தாண்டியதும் ஒரு வளைவு,
லாரிகள் பிரேக் போடும் இடம்.
ஜனவரியில் அங்கே
முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது
யாரும் விதைக்காத மக்காச்சோளம்.

தார்ப்பாயின் கிழிசல் விதைத்தது என்கிறான் கௌதா.
சுங்கச் சாவடியில் அவனுக்குப் பன்னிரண்டு வருடம்.
மூட்டைக் கணக்கு தெரியும், முத்திரை தெரியும்,
ஓட்டுநர்களின் மாமியார் சண்டைகூடத் தெரியும்.
"ஆனால் உள்ளே இருப்பது என்ன ரகம் என்று
எந்தத் தாளும் சொல்வதில்லை, அவுசி லிமகாட்சோ.
மக்காச்சோளம். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது."

ஓர் இலையைக் கிள்ளினேன்.
குப்பியில் நசுக்கி, நீர் விட்டுக் குலுக்கி,
காகிதப் பட்டையின் நுனியை நனைத்துக்
காத்திருந்தோம்.
ஒரு கோடு வந்தால் ஒன்றுமில்லை,
இரண்டு வந்தால்
ஆய்வுக்கூடத்தில் மாற்றிய மரபணு.
"என் தங்கையும் குளியலறை வாசலில்
இப்படித்தான் நின்றாள்" என்றான்.
சிரித்து முடிப்பதற்குள்
ஒன்றரைக் கோடு வந்திருந்தது.

உறையைத் திருப்பிப் பார்த்தேன்.
போன மார்ச்சோடு காலாவதி.

பட்டைகள் ஒரு திட்டத்தின் மிச்சம்.
மசேருவில் ஓட்டல் கூடம், ஐந்து நாள் பயிற்சி,
தோள்பை, குழுப் புகைப்படம்
(நான் கண் மூடியிருக்கிறேன்).
கணினி ஒன்று வந்தது. மின்சாரம் போனால்
வீறிடும் பெட்டியும் வந்தது.
மூன்றாம் வருடம் திட்டம் முடிந்தது.
பெட்டி இன்னும் வீறிடுகிறது.

சொல்லிக்கொடுக்க வந்தவள்
மால்டோவாக்காரி, ருக்சாண்டா.
"என் நாட்டிலும் இந்த வேலைக்கு
ஒரு அறை, ஒரு ஆள், ஒரு ஜன்னல்" என்றாள்.
நாடுகள் தத்தம் முடிவுகளை எழுதிவைக்கும்
பொதுப் பதிவேட்டைத் திறந்து காட்டினாள்.
எந்த விதை, யார் அனுமதித்தார்,
யார் மறுத்தார், ஏன்.
எங்கள் பெயருக்கு நேரே வெள்ளை.

"இந்த வெள்ளை என்ன சொல்கிறது?"
"எங்களிடம் எதுவும் இல்லை என்று."
"இல்லை," என்றாள்,
"யாரும் பார்க்கவில்லை என்று."

அந்தப் பையின் வார் எப்போதோ அறுந்துபோனது.
இந்த வாக்கியம் அறவில்லை.

பதிவை எழுதினேன்.
இடம், நாள், இலை, காலாவதியான பட்டை, ஒன்றரைக் கோடு.
முடிவு என்ற கட்டத்தில்
தெரியவில்லை.

இயக்குநர் மூன்று வாரம் கையெழுத்திடவில்லை.
"தெரியாது என்று ஊருக்கெல்லாம் சொல்வதா?
காலியாக விட்டுவிடு."
"காலி என்றால் ஆட்சேபம் இல்லை என்று
படித்துக்கொள்வார்கள், ஐயா."
அவர் ஜன்னலைப் பார்த்தார்.
நான் ஃபைலைப் பார்த்தேன்.
கடைசியில் மின்சாரம் போன ஒரு பிற்பகலில்,
பெட்டி வீறிட்டுக்கொண்டிருக்க,
அதை நிறுத்துவதற்காகவோ என்னவோ
போட்டுத் தொலைத்தார்.

பொத்தானை அழுத்தினேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
நாற்பது நாளும் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு எஸ்வாட்டினியிலிருந்து,
தெனெலே என்று ஒருத்தி எழுதினாள்.
"உங்கள் 'தெரியவில்லை'யைப் படித்தேன்.
எங்கள் கிடங்கிலும் நீலத் தையல் மூட்டைகள் இருக்கின்றன,
அதே ஆலை. எங்களுக்கும் தெரியவில்லை,
எழுதத்தான் கூச்சமாக இருந்தது.
எங்கள் பட்டைகளுக்கு இன்னும் ஒரு வருடம் உயிர் உண்டு.
இருபது அனுப்பட்டுமா?
நீங்கள் இலையை எப்படி நசுக்கினீர்கள்?"

எப்படி நசுக்குவது என்று
ஒரு பக்கம் எழுதினேன்,
மரக்குச்சி எவ்வளவு நீளம் என்பது உட்பட.

பட்டைகள் வந்து சேர்வதற்குள்
வளைவில் நின்ற சோளத்தை
யாருடைய மாடோ மேய்ந்துவிட்டது.
அதையும் பதிவில் சேர்த்தேன்.

இன்று மறுபடி ஒரு லாரி,
மறுபடி ஒரு கிழிசல்.
நான் போய்ச் சேர்ந்தபோது
கௌதா குனிந்து
தேநீர்க் குவளையில் மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.
அவன் மேசைமேல் சுங்கத் தாள்.
அச்சிட்ட கட்டங்கள் எல்லாம் முடிந்த இடத்தில்
ரூலர் வைத்துப் பேனாவால்
ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருந்தான்,
ஓரம் சற்றுக் கோணலாக.

உள்ளே அவன் கையெழுத்து:
என்ன ரகம் – கேட்டேன், சொல்லவில்லை.